கல்கத்தாவுக்கு அரை நாள் போதுமா? யாரு சாமி சொன்னது?

மக்களே, கல்கத்தா போய்ட்டு வந்த நம்ம ஆளுங்க தர்ற யோசனையெல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரியே இருக்கு. "விக்டோரியா மெமோரியல், ஹௌரா பாலம், காளிகாட். அரை நாள் போதும். ஊர் ஒரே அழுக்கு. படா பஜார் பக்கம் மட்டும் போயிடாதீங்க. லேக் மார்க்கெட்ல நம்ம ஊர் இட்லி கிடைக்கும்." அவ்ளோதான். இதுக்குப் பேரு பயணக் குறிப்பா? ஊரைப் பார்க்காமலே திரும்பி வர்றது எப்படின்னு சொல்ற கையேடுங்க இது!

சால்ட் லேக் செக்டார் ஃபைவ்ல எட்டு மாசம் பொட்டி தட்டினவன்ங்கற உரிமையில சொல்றேன். 'போகாதீங்க'ன்னு பயமுறுத்துற அந்தப் பகுதியிலதான் ஊரோட கதையே இருக்கு. ஆர்மீனியர்கள் 1724-ல் கட்டின தேவாலயம், 1799-ல் எழுந்த போர்ச்சுகீசியர் தேவாலயம், 1884-ல் யூதர்கள் கட்டின மாகேன் டேவிட் ஜெபாலயம், கட்ச் பகுதியிலிருந்து வந்த மேமன்களோட நகோடா மசூதி, எல்லாம் நடந்தே பார்க்கிற தூரம். நகோடான்னா கப்பல் தலைவன்னு அர்த்தம். கங்கை வண்டல் போட்டு உண்டாக்கின இந்தச் சேத்து மண்ணுக்கு, எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவங்கதான் இத்தனை பேரும். அரை நாள்ல முடிச்சுடுவீங்களா இதை?

சரி, திட்டிட்டு மட்டும் போனா எப்படி? உருப்படியா நாலு விஷயம் சொல்றேன்.

1. ரெண்டு ராத்திரியாவது தங்குங்க. விலை குறைவுன்னு நியூ டவுன்ல ரூம் போடாதீங்க. எஸ்பிளனேடு பக்கம் தங்கினா பாதி இடம் நடைதான். சென்னையிலிருந்து கோரமண்டல்ல வந்தா ஷாலிமார்ல இறங்கணும், ஹௌரால இல்ல. ஹௌரா மெயில்னா ஹௌராவுக்கே போகும்.

2. ஒரு நாள் ஞாயித்துக்கிழமையா இருக்கட்டும். காலைல ஆறரைக்கெல்லாம் போத்தார் கோர்ட் பின்னாடி டிரெட்டா பஜார். ஆவி பறக்க பாவ், மீன் உருண்டை சூப். எட்டரைக்கு மேல போனா காலிப் பாத்திரம்தான். பன்றி இறைச்சி வேண்டாம்னா முதல்லயே கேட்டுக்குங்க.

3. ஜெபாலயத்துக்கு அடையாள அட்டை எடுத்துட்டுப் போங்க. சனிக்கிழமை அவங்களுக்கு ஓய்வு நாள், அன்னிக்குப் போகாதீங்க. 1902-ல் தொடங்கி, இப்ப நியூ மார்க்கெட்ல இருக்கிற நாஹூம் யூத பேக்கரிக்கு வார நாள்ல போங்க.

4. ஆத்தை ஒரு தடவை படகுலயும், ஒரு தடவை 2024-ல் திறந்த மெட்ரோவுல ஆத்துக்கு அடியிலயும் தாண்டுங்க. ரெண்டுக்கும் சில்லறைக் காசுதான்.

5. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உத்தமம். தட்டையான டெல்டா மண்ணு, மழைக்காலத்துல தெருத் தண்ணி லேசுல வடியாது.

இப்ப அடுத்த கோஷ்டி வருவாங்க. "யூதர்களே இல்லாத ஜெபாலயம், சீனர்கள் காலி பண்ணிட்டுப் போன தெரு. அங்க என்ன சார் இருக்கு பார்க்க?"

ஏன் காலியாச்சுன்னு கேட்டீங்களா? 1962 போர் வந்ததும், இந்த நாட்டுல பல தலைமுறையா வாழ்ந்த சீன வம்சாவளி ஆளுங்களைக் குடும்பம் குடும்பமா ராஜஸ்தான் தேவ்லி முகாமுக்கு ரயிலேத்தினாங்க. குழந்தைங்களையும் சேர்த்துத்தான். திரும்பி வந்தவங்கள்ல பலர் கனடா பக்கம் போயிட்டாங்க. ஆளில்லாத தெருவுக்கு இது ஒரு காரணம். அது தெரிஞ்சு அந்தத் தெருவுல நிக்கிறதும், தெரியாம "ஒண்ணுமே இல்லப்பா"ன்னு ஆட்டோ பிடிக்கிறதும் ஒண்ணா?

இன்னொண்ணு கேளுங்க. விரல் விட்டு எண்ணுற அளவுக்கு யூதர்கள் குறைஞ்ச ஊர்ல, அந்த ஜெபாலயங்களைத் தலைமுறையா பெருக்கித் துடைச்சுப் பாதுகாக்கிறது முஸ்லிம் குடும்பங்கள். யூதப் பெண்கள் பள்ளியில இன்னிக்குப் படிக்கிற பிள்ளைங்கள்ல பெரும்பான்மை முஸ்லிம் பிள்ளைங்க. மத நல்லிணக்கம்னு மேடை போட்டுத் தொண்டை கிழியக் கத்துறோமே, அங்க அதைச் சத்தமே போடாம செஞ்சுட்டிருக்காங்க. "பார்க்க ஒண்ணுமில்ல"ன்னு சொல்றவரு எதைத்தான் பார்ப்பாருன்னு எனக்குப் புரியல.

அதுக்காக மிருகக்காட்சி சாலைக்குப் போற மாதிரியும் போகாதீங்க. கேக்காம மூஞ்சிக்கு நேரா கேமராவை நீட்டாதீங்க. வாங்கிச் சாப்பிடுங்க, நாலு வார்த்தை பேசுங்க. டிரெட்டா பஜார்ல கடைங்க ஏற்கனவே குறைஞ்சுபோச்சு. மிச்சம் இருக்கிற பாட்டிங்க விடிகாலைல எழுந்து பாவ் அவிக்கிறது, வாங்க ஆள் வருதுங்கற ஒரே நம்பிக்கையிலதான். 'அரை நாள் போதும்'னு நீங்க எழுதுற ஒவ்வொரு குறிப்பும் அந்த நம்பிக்கையில கை வைக்குது. அடுத்த தடவை எழுதும்போது இதைக் கொஞ்சம் யோசிங்க சாமிகளா.

டிஸ்கி: 2001-லயே கொல்கத்தான்னு பேரு மாத்தியாச்சு, தெரியும். எங்க வீட்டுல இன்னும் கல்கத்தாதான் :-)