காலியாய்க் கிடந்த ஊர்காவற்றுறை ஆசனம்



நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு நம் தோட்டங்களிலிருந்தும் பலர் போய்வருகிறார்கள். பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் போய்ப் படகேறுகிறோம். அந்தத் தீவுகளின் அரசியல் வரலாற்றில் தோட்டத் தொழிலாளர் அறிய வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. "யாருக்கு வோட்டுப் போட்டாலும் நம்ம பேர்க்காசு கூடப்போவதில்லை" என்று நம் இளைஞர்கள் சலித்துக்கொள்ளும் இந்த நாளில் அதைச் சொல்வது நம் கடமை.

1931க்கு முன் இலங்கையில் சொத்தும் படிப்பும் உள்ள சில ஆண்களுக்கே வாக்கு இருந்தது. டொனமூர் அரசியல் திட்டம் 21 வயதான ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. நெடுந்தீவின் கடற்றொழிலாளியும், வேலணையின் வயற் கூலியும், அவர்கள் வீட்டுப் பெண்களும் முதன்முறையாக வாக்காளர் ஆனார்கள்.

ஆனால் அந்தத் தேர்தலில் ஊர்காவற்றுறையில் ஒருவர்கூட வேட்புமனு கொடுக்கவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய தொகுதிகளிலும் இதே நிலைதான். பூரண சுயராச்சியம் தராத திட்டம் வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்திருந்தது. அவர்களை நாம் குறைத்துப் பேசமாட்டோம். காந்தியடிகளை 1927இல் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். சாதிக் கொடுமையை எதிர்த்தவர்கள். தெற்கும் தம்மைப் பின்பற்றும் என்று நம்பினார்கள், தெற்கு பின்பற்றவில்லை. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும்வரை அந்த ஆசனங்கள் காலியாகவே கிடந்தன. முதல் வாக்கைக் கையில் வாங்கிய ஏழைக்கு அதைப் போட இடமில்லாமற் போயிற்று.

அதே 1931இல் மலையகத்தில் நடந்தது வேறு. அட்டனிலிருந்து தெரிவான பெரி சுந்தரம் தொழில் அமைச்சரானார். அவர் பதவியில் இருந்த காலத்திலேயே 1934இல் வேலையாள் நட்டஈட்டுச் சட்டமும், 1935இல் தொழிற்சங்கச் சட்டமும் வந்தன. இன்று மலையில் சறுக்கி விழுந்த தொழிலாளிக்கு நட்டஈடு கேட்டு நாம் எழுதும் கடிதத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

பின்னர் நம் வாக்கும் போயிற்று. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியது. 1948இல் குடியுரிமைச் சட்டமும், அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தமும் வந்தன. 1952இல் ஒருவரும் போகவில்லை. தீவகத்தார் வாக்கைத் தாமே ஒதுக்கிவைத்தார்கள். நம் வாக்கை மற்றவர் பறித்தார்கள். அதை மீட்டெடுக்கும் வேலை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை நீண்டது.

அமெரிக்காவின் கதையும் இதையே சொல்கிறது. எட்டு மணிநேர வேலைக்காக 1886இல் சிக்காகோவில் தொழிலாளர் இரத்தம் சிந்தினார்கள். சங்கங்களும் சீர்திருத்தக்காரரும் பல பத்தாண்டுகள் போராடியபின், 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. மணிக்கு 25 சதம். ஆலைகளில் சிறுவர் வேலைக்குத் தடை. ஆனால் வயலில் வேலை செய்தவனை அந்தச் சட்டம் வெளியே விட்டது. தெற்கில் பருத்தி பறித்த கறுப்பினத் தொழிலாளியைத் தலைவரியும் எழுத்தறிவுச் சோதனையும் வாக்குச்சாவடியிலிருந்து விலக்கி வைத்திருந்தன. அவனுக்காகப் பேச அவன் தெரிவு செய்த ஆள் சபையில் இல்லை. 1965இல்தான் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மறு ஆண்டு குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பண்ணைத் தொழிலாளரில் ஒரு பகுதியினரையும் சேர்த்துக்கொண்டது.

வாக்கு மட்டும் சம்பளத்தைக் கூட்டித் தந்துவிடாது என்பது நமக்கும் தெரியும். பிரட்டுக்களத்தில் ஒற்றுமை இல்லாவிட்டால் சட்டம் வெறும் காகிதம். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லாதவனின் லயத்துக்குக் காணியோ, பாதையோ, பள்ளிக்கூடக் கட்டடமோ கேட்க ஆள் இராது.

கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகள் பலரின் பெயர் இங்கும் இல்லை, அங்கும் இல்லை. இது பகிஷ்கரிப்பு அல்ல, கவனக்குறைவு. பலன் என்னவோ ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகச் சென்று, 18 வயதானவர் எல்லோருடைய பெயரையும் இடாப்போடு ஒத்துப் பார்க்கட்டும். விடுபட்டவரை கிராம அலுவலரிடம் கூட்டிச் செல்லட்டும். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் மாலையில் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். நிரப்பித் தர நாங்கள் இருக்கிறோம்.

யாருக்கு வாக்களிப்பது என்பதைப் பிறகு விவாதிப்போம். முதலில் நம் பெயர் இடாப்பில் இருக்கட்டும்.