பங்களா நாய்க்கு மட்டுமா பூச்சி மாத்திரை?

கந்தப்பளையில் எந்த லயத்துக்குப் போனாலும் இஸ்தோப்பில் இரண்டு மூன்று நாய்கள் படுத்திருக்கும். மரக்கறி போடுகிறவர் வீட்டில் நாலைந்து கூட இருக்கும். காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் கிழங்குப் பாத்தியைக் கிளறாமல் இராக்காவல் காப்பவை அவைதான். அவற்றுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தீர்களா என்று கேட்டால் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "இது நாட்டு நாய்ங்க, தானா தாங்கிக்கும். இந்தக் குளிருக்கு உண்ணியும் பூச்சியும் நிக்காது. மருந்தெல்லாம் பங்களா நாய்க்குத்தான்."

இந்தப் பதிலால் நாய்க்குட்டிகள் சாகின்றன. பிள்ளைகளுக்கும் ஆபத்து வருகிறது. மருந்துக்குக் கொடுக்க மறுத்த காசைவிடக் கூடுதலான காசும் கரைகிறது.

குளிரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. 6,000 அடிக்கு மேலே உள்ள ஊர் இது. கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் வெதுவெதுப்பான ஈரமண்ணில்தான் வேகமாக வளரும். இங்கே அவற்றின் வேகம் குறைகிறது. ஆனால் டொக்சோகாரா என்ற வட்டப்புழுவின் கதை வேறு. அதன் பெண்புழு ஒரு நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடக்கூடியது. முட்டையின் ஓடு தடித்தது. சூடான ஊரில் அது இரண்டு மூன்று வாரத்தில் தொற்றும் நிலைக்கு வருமென்றால், இங்கே இன்னும் சில வாரம் பிடிக்கும். ஆனால் சாகாது. கடும் வெயிலும் வறட்சியும்தான் அதைக் கொல்லும். நம்முடைய மூடுபனியும் ஈர நிழலும் அதை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றி வைக்கின்றன. உண்ணியும் அப்படித்தான். நாய்களில் அதிகம் காணப்படும் பழுப்பு உண்ணி புல்லில் கிடந்து குளிரில் விறைப்பதில்லை. சுவர் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் காம்பராவுக்குள்ளேயே குடியிருக்கிறது. விறகடுப்பு எரிகிற வீட்டில் அதற்கு என்ன குளிர்? ஒரு பெண் உண்ணி ஏறக்குறைய 4,000 முட்டை இடும்.

"தானா தாங்கிக்கும்" என்பது இதைவிட மோசமான பேச்சு. தாய்நாயின் உடலில் உறங்கிக் கிடக்கும் வட்டப்புழுக் குடம்பிகள் அது சினையாக இருக்கும் கடைசி நாட்களில் விழித்துக் கருப்பைக்குள் போகின்றன. பிறகு பாலிலும் போகின்றன. எனவே குட்டி பிறக்கும்போதே புழுவோடு பிறக்கிறது. மூன்று வாரக் குட்டி கண் திறந்து தள்ளாடி நடக்கும்போதே அதன் மலத்தில் முட்டை வரத் தொடங்கிவிடும். வயிறு ஊதி, விலா தெரிந்து, ஈறு வெளுத்துக் குட்டிகள் சாகின்றன. வீட்டார் "பனி தாங்கல" என்று சொல்லிக் கொழுந்து மலை ஓரம் புதைக்கிறார்கள். அடுத்த ஈற்றிலும் இதே கதைதான். செத்த குட்டிகளைக் கணக்கில் சேர்க்காமல், பிழைத்துக் கிடக்கும் ஒன்றிரண்டைக் காட்டி நாட்டு நாய் தாங்கும் என்று சொல்கிறோம்.

நாய்க்கு வந்தது நாயோடு போகும் என்று நினைப்பவர்கள் லயத்து வாசலைப் பார்க்க வேண்டும். நாய் மலம் கழிக்கும் அதே மண்ணில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். புள்ளைக்காம்பரா முற்றத்திலும் நாய் படுக்கிறது. வீட்டுத் தோட்டத்து லீக்ஸ், சலாது, கரட் எல்லாம் அந்த மண்ணில்தான் விளைகின்றன. பிள்ளையின் வாய்க்குள் போகும் டொக்சோகாரா முட்டையில் இருந்து வெளிவரும் குடம்பி ஈரலுக்கும் நுரையீரலுக்கும் அலையும். சில வேளை கண்ணுக்குள் புகுந்து பார்வையைக் கெடுக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரை குடலில் வாழும் புழுவுக்கானது, கண்ணில் புகுந்ததை அது எட்டாது. நாய், பூனைக் குடலில் வாழும் கொளுக்கிப்புழு இனம் ஒன்றை இலங்கையில் கிடைத்த மரநாயில் கண்டு 1911-இல் லூஸ் என்ற ஆய்வாளர் விவரித்தார். அது மனிதக் குடலிலும் முழுப் புழுவாக வளர்ந்து இரத்தம் குடிக்கக்கூடியது. இரத்தச்சோகையோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் நிறைந்த மலையகத்தில் இதை நாய்ப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் மலையகமே இந்தப் பாடத்தை ஒரு முறை படித்திருக்கிறது. 1916-இல் ரொக்பெல்லர் நிதியத்தின் ஆட்கள் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கினார்கள். தொழிலாளருக்கு மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. ஆனால் பல தோட்டங்களில் மலசலகூடம் கட்டுவதற்குத் துரைமார் செலவழிக்க மனம் வைக்கவில்லை. அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குப் புழு திரும்பவும் ஏறியது. மண்ணை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்று நம் முன்னோர்களின் குடலில் எழுதிக் காட்டிய வரலாறு அது. ஐந்து நாயில் மெலிந்த ஒன்றுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, மற்ற நாலின் மலத்தை வாசலில் விடுகிறவர் அதே தவறைச் செய்கிறார்.

மருந்து விலை கூடுதல் என்று சொல்கிறவர்கள் சும்மா இருப்பதும் இல்லை. உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசுகிறார்கள். தோல் வெந்துபோகிறது, நக்கினால் நுரையீரல் கெடுகிறது. சொறிக்குக் கழிவு ஒயில் பூசுகிறார்கள். புழுவுக்குப் பூண்டு கொடுக்கிறார்கள். பூண்டு புழுவைக் கொல்லாது, அளவு கூடினால் நாயின் சிவப்பணுக்களைத்தான் உடைக்கும். எல்லாவற்றிலும் கொடியது, கிழங்குக்கும் கோவாவுக்கும் அடித்து மிஞ்சிய பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் முதுகில் ஊற்றுவது. வாய் நுரைத்து, உடம்பு நடுங்கி, அன்றிரவே செத்துப்போகும் நாய்களைப் பற்றி இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். இதை மலிவான வைத்தியம் என்று அழைப்பதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

உண்மையான கணக்கு இது. கடையில் கிடைக்கும் குடற்புழு மாத்திரைகள் பலவும் 10 கிலோ எடைக்கு ஒன்று என்ற அளவில் வருபவை. நாயொன்று 15 கிலோ என்றால் ஒன்றரை மாத்திரை. ஐந்து நாய்க்கு ஏழரை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கொடுத்தால் வருடத்துக்கு 30 மாத்திரை. ஐந்தையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றில் விழுந்தது இன்னொன்றில் ஏறும். கண்ணளவில் எடையை ஊகிக்கக் கூடாது; கிழங்கு நிறுக்கும் தராசு பக்கத்திலேயே இருக்கிறது. எந்த மாத்திரை, எத்தனை என்பதை அரச மிருக வைத்திய அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு எழுதிக்கொண்டால் போதும். மனிதருக்கான மாத்திரையை மதிப்பாக உடைத்துக் கொடுக்கக் கூடாது; மாட்டுக்குப் போடும் ஊசி மருந்தையும் அப்படித்தான்.

கையில் அவ்வளவு காசு இல்லையென்றால் முதல் செலவு குட்டிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும். குட்டிக்கு இரண்டு வாரத்தில் தொடங்கி, நாலு, ஆறு, எட்டு வாரங்களில் கொடுக்க வேண்டும். மண்ணில் விழும் முட்டையின் பெரும்பங்கு அவற்றிடம் இருந்துதான் வருகிறது.

தெள்ளுக்கும் உண்ணிக்கும் வரும் புதிய மாத்திரைகள் விலை கூடியவை. ஐந்து நாய் உள்ள வீட்டால் மாதாமாதம் வாங்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெள்ளுக் கூட்டத்தில் நாயின் மேல் இருப்பது நூற்றுக்கு ஐந்துதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கைச் சாக்கிலும் தரை இடுக்கிலும் கிடக்கிறது. வாரம் ஒரு தடவை சாக்கைக் கொதிநீரில் போடுவதற்கும், பலகைக்கு அடியில் கூட்டி அள்ளி எரிப்பதற்கும், சுவர் வெடிப்பை அடைப்பதற்கும் உழைப்புதான் வேண்டும். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்துச் சவர்க்காரத் தண்ணீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. நாய் மலத்தில் அரிசி போன்ற துண்டுகள் தெரிந்தால் அது தெள்ளு கொண்டுவந்த நாடாப்புழு. தெள்ளை விட்டுவிட்டு மாத்திரை கொடுப்பது வீண். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டுகிறவர்கள் வீட்டுப் பூனையை மறக்க வேண்டாம். நாய்க்கு ஊற்றும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும். இதையெல்லாம் விட்டுவிட்டால் ஒரு நாள் நாய்க்கு உண்ணிக் காய்ச்சல் வந்து, ஈறு வெளுத்து, சிறுநீர் சிவந்து போகும். அந்த ஒரு நாயின் வைத்தியச் செலவில் ஐந்து நாய்க்குமான வருட மாத்திரையையும் வாங்கியிருக்கலாம்.

எல்லா நாய்க்கும் சேர்த்துச் செய்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடே காட்டியிருக்கிறது. 1973-இல் இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 377 பேர் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துக்குள் இறங்கியிருக்கிறது. ஊர் ஊராக நாய்களுக்கு இலவச ஊசி போட்டது அதற்கு முக்கியமான காரணம். பங்களா நாய், லயத்து நாய் என்று அந்த ஊசி பிரித்துப் பார்க்கவில்லை.

அதனால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திடமும், மிருக வைத்திய அலுவலகத்திடமும், தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்கிறேன்: தோட்டத்துக்கு விசர் ஊசி போட வரும் அன்றே, கூடிய நாய்கள் அனைத்துக்கும் எடைக்கேற்ற பூச்சி மாத்திரையும் கொடுங்கள். அந்த நாள் வரும்வரை வீட்டுக்காரர்கள் காத்திருக்க வேண்டாம். வருகிற போயா லீவில் நாய்களை நிறுத்து எடையை எழுதிவையுங்கள். குட்டி போட்ட நாய் இருந்தால் அதற்கும் குட்டிகளுக்கும் இந்த வாரமே மாத்திரை வாங்குங்கள்.