மழைக் கையுறையும் வாளித் தண்ணியும்

மூணு மாசமா ஆளைக் காணோமேன்னு விசாரிச்ச ரெண்டு பேருக்கும் (ஆமாங்க, ரெண்டே பேர்தான்) நன்றி. ஆணி அதிகம்னு பொய் சொல்லலாம். உண்மையான காரணம் கையுறை. கால்ஃப் ஆடும்போது போடுற கையுறை.

"கால்ஃபா? ஆன்சைட் போனதும் பய பெரிய மனுஷன் ஆயிட்டான்யா"ன்னு நீங்க சிரிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம ஊர்ல கால்ஃப்னா மெம்பர்ஷிப், வாசல்ல செக்யூரிட்டி, உள்ள கார் வரிசை. ஸ்காட்லாந்துல கதையே வேற. எடின்பரோவுக்குத் தெற்கே பிரெய்ட் ஹில்ஸ்னு ஒரு குன்று. 1889-லேர்ந்து அங்க பொதுமக்களுக்கான கால்ஃப் மைதானம் இருக்கு. பஸ் ஓட்டினவர், பிளம்பர், வாத்தியார்னு எல்லாரும் அவங்கவங்க பையை அவங்களே தூக்கிக்கிட்டு ஆடுறாங்க. குன்று மேல நின்னா கோட்டையும் தெரியும், கடலும் தெரியும். அந்தக் கடல்லேர்ந்து வர்ற காத்தும் மழையும் நம்மளை நல்லாக் கவனிச்சுக்கும் :-) ஜனவரியில பகல் உச்ச வெப்பமே சராசரியா 7 டிகிரிதான்.

இனி விஷயத்துக்கு வர்றேன். நவம்பர் கடைசி. ரெண்டு மணி நேரமா விடாத தூறல். பதினாலாவது குழி. ஏழாம் நம்பர் அயர்னை எடுத்து வீசினேன். பந்து போச்சு. கூடவே மட்டையும் போச்சு! கையிலேர்ந்து வழுக்கி, விசிறி மாதிரி சுத்திக்கிட்டே பறந்து, இடது பக்கம் முன்னால தன் பைகிட்ட நின்னுக்கிட்டிருந்த பெரியவருக்கு ரெண்டடி தள்ளி விழுந்துச்சு. எனக்கு உசுரே இல்ல. அவர் நிதானமாக் குனிஞ்சு எடுத்து, துண்டால துடைச்சு, கொண்டாந்து கொடுத்துட்டு, "பந்து தப்பாப் போனா 'ஃபோர்'னு கத்தணும்னு சொல்லிக் கொடுத்தேன்ல? மட்டை தப்பாப் போனாலும் கத்தலாம், தப்பில்லை"ன்னார்.

இவர் யாருன்னா, எனக்கு இந்த ஆட்டத்தைக் கத்துக் கொடுத்தவர். அறுபது வயசு தாண்டி ரொம்ப நாளாச்சு. வேலை பாத்த காலம் பூரா ரோட்டை ட்ரில் வெச்சு உடைச்சவர். அந்த அதிர்வு வருஷக்கணக்கா விரல்ல ஏறி ஏறி, இப்போ குளிர் பட்டா போதும், விரல் நுனியெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பா ஆயிடும். ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் போகாது. மரத்துப் போயிடும். திரும்ப ரத்தம் வர்றப்போ வலி உசுரு போகும். பிரிட்டன்ல சுரங்கத்துலயும் கப்பல் பட்டறையிலயும் வேலை பாத்த எத்தனையோ பேருக்கு இது இருக்கு. "வெள்ளை விரல்"னே பேர். அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சு தேநீர் குடிக்கிறப்போ, "இதுதான் என் கடைசிக் குளிர்காலம், அடுத்த வருஷம் மார்ச்லதான் மட்டையைத் தொடுவேன்"னார். நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வீட்ல தனியா என்ன பண்ணுவீங்கன்னு கேக்க எனக்கு வாய் வரலை.

சரி, நல்ல கையுறையாத் தேடுவோம், எனக்கும் அவருக்கும் சேர்த்துன்னு இறங்கினேன். அங்கதான் கடுப்பு ஆரம்பமாச்சு.

விமர்சனம்னு எழுதுறவங்க பண்ற டெஸ்ட் என்ன தெரியுமா? கையுறையை வாளித் தண்ணியில முக்கு, பிழி, மாட்டு, பத்து தடவை மட்டையை வீசு, வழுக்கலையா, அஞ்சுக்கு நாலரை நட்சத்திரம். முடிஞ்சது. பொட்டி தட்டுற நம்ம பாஷையில சொன்னா இது வெறும் யூனிட் டெஸ்ட். புரொடக்ஷன்ல போட்டா என்ன ஆகும்னு இதுல ஒண்ணும் தெரியாது. அது கதகதப்பான அறை, இது நாலு மணி நேரக் காத்து. அங்க பத்து வீச்சு, இங்க பதினெட்டு குழி.

முதல்ல ஒரு அடிப்படைக் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். ஈரம்ங்கிறது ஒரு பிரச்சினை, குளிர்ங்கிறது இன்னொரு பிரச்சினை. ஒண்ணுக்கான மருந்து இன்னொண்ணுக்கு விஷம்.

வழக்கமான கையுறை கேப்ரெட்டா தோல். கம்பளி வளராம முடி மட்டும் வளர்ற செம்மறி ஆட்டோட தோல், நம்ம மேச்சேரி ஆடு மாதிரி. மெலிசா, சொகமா, கைத்தோலாவே இருக்கும். ஆனா நனைஞ்சா வழுவழுன்னு ஆயிடும், காஞ்சா அப்பளம்.

மழைக் கையுறை மழையைத் தடுக்காது! இதை யாரும் பெட்டி மேல பெருசாப் போடுறதில்லை. உள்ளங்கையில மைக்ரோஃபைபர் துணி. அது நனைஞ்சாதான் பிடிக்கும். காஞ்ச நிலையில சுமாராத்தான் பிடிக்கும். அதனாலதான் தூறல் ஆரம்பிக்கும்போதே குழாயடியில நனைச்சு மாட்டிக்கோன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. வழக்கமா ஒத்தைக் கையில போடுற ஆட்டக்காரன் மழையில மட்டும் ரெண்டு கையிலயும் போடுறதும் இதுக்குத்தான். வெறும் கை நனைஞ்சா அதுவும் வழுக்கும்.

இப்போ குளிரைச் சேருங்க. நனைஞ்சாதான் பிடிப்பு, ஆனா நனைஞ்ச கைதான் சீக்கிரம் குளிரும். தண்ணி காத்தை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். போதாததுக்குக் காத்தடிச்சா தண்ணி ஆவியாகும், ஒவ்வொரு கிராம் தண்ணியும் போறப்போ 2400 ஜூல் கிட்ட சூட்டை எடுத்துக்கிட்டுப் போகும். பானைத் தண்ணி குளிருற அதே தத்துவம், பானை நம்ம கை. விரல் தோலோட சூடு 15 டிகிரிக்குக் கீழ போனா நுணுக்கமான வேலை எதுவும் ஓடாது. டீயை மண்ணுல குத்த முடியாது, பென்சிலைப் பிடிச்சு ஸ்கோர் எழுத முடியாது.

குளிர்காலக் கையுறைன்னு தனியா ஒண்ணு. புறங்கையில பஞ்சு மாதிரி ஃப்ளீஸ், உள்ளங்கை மெலிசு. உள்ளங்கையிலயும் மெத்தை வெச்சாத்தான் என்னன்னா, அதுக்கு விதி விடாது. ஆர் அண்ட் ஏ, யூஎஸ்ஜிஏ ரெண்டும் சேர்ந்து வெச்சிருக்கிற உபகரண விதிப்படி, பிடிக்கிற பக்கத்துல ஒரு இடம் மட்டும் பக்கத்து இடத்தை விட 0.635 மில்லிமீட்டருக்கு மேல தடிமனா இருந்தா அது மெத்தைக் கணக்கு, ஆட்டத்துக்கு ஆகாது. ஆக மட்டையைத் தொடுற பக்கம் குளிர்ந்துதான் ஆகணும்.

இந்த மூணையும் வாங்கி நானே டெஸ்ட் பண்ணேன். (மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு வீட்ல யாரும் கேக்காதீங்க.) முதல் வாரம் ஒரே நாள்ல மூணையும் மாத்தி மாத்திப் போட்டேன். கடைசியா மாட்டினதுதான் படுமோசம்னு எழுதி வெச்சேன். அப்புறம்தான் உறைச்சுது, கடைசியா மாட்டினப்போ என் கை ஏற்கெனவே ஐஸா இருந்துச்சே! எது கடைசியா வந்தாலும் தோத்திருக்கும். இஞ்சினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம் :-(

ரெண்டாவது வாரம் புத்திசாலித்தனமா இடது கையில மழைக் கையுறை, வலது கையில குளிர்காலக் கையுறை. ஒன்பது குழி முடிஞ்சதும் கையை மாத்திக்கிட்டேன். சைட்ல பண்ற ஏ/பி டெஸ்டிங்தான், இங்க யூசர் பேஸ் ரெண்டு கை. காத்து மட்டும் இருந்தப்போ குளிர்காலக் கையுறை சந்தேகமே இல்லாம ஜெயிச்சுது. மழை வந்து ஒரு மணி நேரத்துல தலைகீழ். ஃப்ளீஸ் தண்ணியைக் குடிச்சு ஊறிப்போச்சு. சமையல் தராசுல வெச்சப்போ தன் எடைக்கு மேல தண்ணி. புறங்கையில ஈரத்துண்டைக் கட்டிக்கிட்டு நடக்குற மாதிரி இருந்துச்சு. மழைக் கையுறை பிழிஞ்சதும் பழையபடி.

மூணாவது வாரம்தான் பெரிய பல்பு வாங்கினேன். நல்லா நனைஞ்ச மழைக் கையுறையோட ஆடியும் ஏழாம் நம்பர் அயர்ன் மட்டும் கையில நழுவுது. மத்த மட்டையெல்லாம் ஒழுங்கு. பெரியவர்கிட்ட கொடுத்தேன். கட்டை விரலால பிடியைத் தேய்ச்சுப் பாத்தார், சிரிச்சார். நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின செட். அந்த மட்டையோட ரப்பர் பிடி தேஞ்சு கண்ணாடியா ஆயிருக்கு. பழைய ஓனருக்கு அதான் ராசியான மட்டை போல. அந்தப் பிடியை மட்டும் மாத்தினேன், கதை முடிஞ்சுது. நவம்பர்ல பறந்ததுக்கும் பாதிக்கு மேல காரணம் அதுதான்னு இப்போ நெனைக்கிறேன். பக் ஒரு மாட்யூல்ல, நான் மூணு வாரமா தோண்டினது வேற மாட்யூல்ல!

கையுறையைத் தனியா டெஸ்ட் பண்றதே தப்புன்னு நான் சொல்றது இதனாலதான். பிடி, துண்டு, குடை, சட்டை எல்லாம் சேர்ந்ததுதான் சிஸ்டம். 2010 ரைடர் கோப்பை ஞாபகம் இருக்கா? வேல்ஸ்ல, கெல்டிக் மேனர்ல. முதல் நாள் கொட்டின மழையில அமெரிக்க அணியோட மழை உடைக்குள்ள தண்ணி புகுந்துடுச்சு. உலகத்தோட பெரிய ஆட்டக்காரங்க, அங்க ரசிகர்களுக்கு விக்கிற கடையில போய் வேற உடை வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. அன்னிக்கு ஆட்டம் ஏழு மணி நேரத்துக்கு மேல நின்னுது, போட்டி முதல் தடவையா திங்கக்கிழமை வரைக்கும் இழுத்து, 14½-க்கு 13½-ன்னு ஐரோப்பா ஜெயிச்சுது. உடையாலதான் தோத்தாங்கன்னு நான் சொல்லலை. எங்க ஆடப் போறோமோ அந்த மழையில போட்டுப் பாக்காம எதையும் நம்பக்கூடாதுன்னுதான் சொல்றேன்.

என் முடிவு இதுதான். "எல்லா வானிலைக்கும்"னு போட்ட ஒத்தைக் கையுறையை வாங்காதீங்க. சுமாரான விலையில மழைக் கையுறை ரெண்டு ஜோடி, காத்துக்கு ஒரு குளிர்காலக் கையுறை. நடக்கும்போது இது எதுவும் கையைக் காப்பாத்தாது. மேல பெரிய மிட்டன், உள்ள இரும்புத்தூள் சூட்டுப்பை. இரும்பு துருப்பிடிக்கிறப்போ வர்ற சூடுதான், அதனால காத்து படணும், இறுக்கி மூடி வெச்சா வேலை செய்யாது. கையைச் சூடாக்கலாம், பந்தைச் சூடாக்கினா விதிமீறல், ஞாபகம் வெச்சுக்கோங்க. அப்புறம் தலைக்குக் குல்லா, உடம்புக்கு இன்னொரு ஸ்வெட்டர். உடம்பு குளிர்ந்தா அது முதல்ல வெட்டுறது விரலுக்குப் போற ரத்தத்தைத்தான். விரல் குளிருக்குப் பாதி மருந்து நெஞ்சுல இருக்கு.

பெரியவருக்கு இதெல்லாம் உதவிச்சான்னு கேப்பீங்க. பாதி. காத்தில்லாத காஞ்ச நாள்ல வர்றார், ஒன்பது குழி ஆடுறார், மிட்டனைக் கழட்டாமலே பேசுறார். மழையும் குளிரும் சேர்ந்த நாள்ல வர்றதில்லை. எந்தக் கையுறையும் அவரைக் கூட்டிட்டு வரலை. டாக்டரைப் பாருங்கன்னு நச்சரிச்சதுல போய்ட்டு வந்திருக்கார், அது வரைக்கும் லாபம்.

ஆனா ஒண்ணு மட்டும் மண்டையைக் குடையுது. நான் படிச்ச அத்தனை விமர்சனத்துலயும் டெஸ்ட் பண்ணது ஆரோக்கியமான கை. என்னோடதும் இருபத்தெட்டு வயசு, கீபோர்டைத் தவிர வேற எதையும் உடைக்காத கை. நாம "சூப்பரா இருக்கு"ன்னு நட்சத்திரம் போடுறோம். குளிர்காலத்துல உண்மையிலேயே கையுறை தேவைப்படுறவர் கையை யாரும் கேக்குறதில்லை. ஆபீஸ்லயும் இதே பொழப்புதான், நம்ம மெஷின்ல ஓடினா ரிலீஸ்.

அடுத்த தடவை அவர் கையிலதான் முதல் டெஸ்ட். ஒத்துக்கிட்டார். கூலியா ரெண்டு டஜன் பந்து கேட்டிருக்கார் :-)

குளிர்ல ஆடுற மக்கள், கிரிக்கெட், சைக்கிள், மீன்பிடின்னு எதுவா இருந்தாலும், கையை எப்படிக் காப்பாத்துறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. வர்ட்டா?