கப்பல்ல பஃபே எப்படி, அதானே கேள்வி?

மக்களே, கடையைத் தொறந்து ரொம்ப நாளாச்சு. ஏம்பலத்துல நடவு, மழை, அப்புறம் வீட்டுல ஒரு கல்யாணம். ஆணி அதிகம். இந்தப் பதிவும் எழுதற மாதிரி இல்லை. போன வாரம் படிச்ச ஒரு அலாஸ்கா கப்பல் பயணப் பதிவுதான் எழுத வச்சிருச்சு.

யார் எழுதினாங்கன்னு சொல்லப் போறதில்லை. ஏன்னா அதே பதிவை நான் பத்துப் பேர் எழுதிப் படிச்சிருக்கேன். அம்மா அப்பா விசாவுல அமெரிக்கா வந்தாங்க, அலாஸ்கா கூட்டிட்டுப் போனோம். பிரின்சஸ் நல்லாருக்கா, நார்விஜியன் நல்லாருக்கா, ராயல் கரீபியன் நல்லாருக்கா. இந்தக் கப்பல்ல தயிர்சாதம் கெடைச்சுது, அந்தக் கப்பல்ல பனீர்தான். பால்கனி ரூமா, ஜன்னல் ரூமா. கடைசியில 'காசு மிச்சம் பண்ண டிப்ஸ்'னு ஒரு பட்டியல். அதுல அஞ்சாவதோ ஆறாவதோ இப்படி: "தினமும் ஆட்டோமேட்டிக்கா டிப்ஸ் புடிப்பாங்க. கடைசி நாள் கவுண்டர்ல போய்ச் சொன்னா எடுத்துருவாங்க. நாலு பேருக்கு ஐந்நூறு டாலர் மிச்சம்."

கீழ முப்பது பேர் 'நன்றி, உபயோகமான தகவல்'.

அதுலதான் சாமி எனக்கு எரிஞ்சுது. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

முதல்ல, நானும் போனவன்தான். 2024 ஆகஸ்ட் கடைசியில சியாட்டில்ல இருக்கற அக்கா பொண்ணு எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போச்சு. ஏழு நாள். பனிமலை, திமிங்கலம், ராத்திரி பத்து மணிக்கும் ஐஸ்கிரீம். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமா இருந்துச்சு. கப்பலே பாவம்னு உபதேசம் பண்ண வரல. அதனால ஒப்பிட்டே பாப்போம்.

நீங்க அஞ்சாறு பேரை ஒப்பிடறீங்களே, அதுக்குப் பின்னாடி முதலாளி எத்தனை பேர் தெரியுமா? பிரின்சஸ், ஹாலண்ட் அமெரிக்கா, கார்னிவல், கியூனார்டு எல்லாம் கார்னிவல் கார்ப்பரேஷன். செலிப்ரிட்டி, ராயல் கரீபியன் குடும்பம். ஓஷியானியா, ரீஜென்ட் ரெண்டும் நார்விஜியன் குடும்பம். தாம்பூலத் தட்டு மாத்தி வைக்கற கதைதான். அலாஸ்காவுல உண்மையான வித்தியாசம் கப்பல் பேர்ல இல்லை, போற வழியில இருக்கு. வான்கூவர்ல ஏறினா தீவுகளுக்கு நடுவுல அமைதியான தண்ணியிலயே போகலாம். சியாட்டில்ல ஏறினா பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு வெளிப்பக்கமா, திறந்த கடல்ல ஒரு நாள் ஆட்டம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள்ள ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. உங்க கப்பல் அதுல ஒண்ணான்னு பாத்துட்டு டிக்கெட் போடுங்க. நம்ம பாஸ்போர்ட்டா இருந்தா கனடா விசாவும் வேணும், அமெரிக்காவுக்குத் திரும்பி வர மல்டிபிள் என்ட்ரியும் வேணும். போதுமா? பஃபே பத்தி நாற்பது வரி எழுதறவங்க இந்த நாலு வரியை எழுத மாட்டேங்கறாங்க.

இன்னொண்ணு. சியாட்டில் கப்பல் பெரும்பாலும் திரும்பி வரும்போது கனடாவுல விக்டோரியாவுல ராத்திரி சில மணி நேரம் நிக்குமே, ஏன்னு யோசிச்சீங்களா? பூந்தோட்டம் காட்டறதுக்கு இல்லைங்க. 1886-ல போட்ட அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டுக் கொடி பறக்கற கப்பல் அமெரிக்கத் துறைமுகத்துல ஆளை ஏத்தி, நடுவுல வெளிநாடு எதையும் தொடாம அமெரிக்காவுலயே இறக்கக் கூடாது. பெரிய கப்பல்ல பெரும்பாலும் பஹாமாஸ் கொடி, பனாமா கொடி, பெர்முடா கொடி. எதுக்கு? வரி ஒரு காரணம். சம்பளம் இன்னொரு காரணம். கொடி பனாமான்னா அமெரிக்காவோட குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கப்பலுக்குள்ள நுழையாது. ஆக, உங்க தட்டை எடுக்கற பையனுக்கும் விக்டோரியா நிறுத்தத்துக்கும் ஒரே வேர்.

அந்தப் பையனைப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவு சுத்தினேன்.

என் தம்பி பையன் பாண்டியில ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிச்சான். அதே சீசன்ல வேற ஒரு கப்பல்ல, பஃபேயில தட்டு எடுக்கற வேலையில இருந்தான். எங்க ரெண்டு கப்பலும் ஒரே நாள் ஜூனோவுல நின்னுது. "பெரியப்பா, எனக்கு ஒன்றரை மணி நேரம் பிரேக் இருக்கு, லைப்ரரிக்கு வந்துருங்க"ன்னு மெசேஜ். நமக்கு ஆச்சரியம், இவன் எப்ப புத்தகம் படிக்க ஆரம்பிச்சான்னு. போய்ப் பாத்தா, துறைமுகத்தை ஒட்டி கார் நிறுத்தற கட்டடத்துக்கு மேல ஜூனோ நகர நூலகம். உள்ள பாதிக்குப் பாதி கப்பல் பசங்க. பிலிப்பினோ, இந்தோனேசியா, நம்மாளுங்க. எல்லாரும் போன்ல. இலவச வைஃபை. ஒருத்தன் குழந்தைக்கு முத்தம் குடுக்கறான், ஒருத்தி அழுவுறா, ஒருத்தன் பணம் அனுப்பறான். வெளிய ஜன்னல்ல மலையும் கடலும் அப்படியே படமா நிக்குது. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல.

"பெரியப்பா, இந்த ஊருக்கு நான் பதினஞ்சாவது வாட்டி வரேன். மெண்டன்ஹால் பனியாறு எப்படி இருக்கும்?"னு கேட்டான்.

நான் காலையிலதான் பாத்துட்டு வந்திருந்தேன். துறைமுகத்துல இருந்து கிட்டத்தட்ட நம்ம ஏம்பலத்துல இருந்து பாண்டி போற தூரம். போன்ல போட்டோ காட்டினேன். பாத்துட்டு, "சூப்பரா இருக்கு"ன்னான். அப்புறம் அவங்கம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் குடுத்தான். என் தம்பி பொண்டாட்டி திண்ணையில உக்காந்துகிட்டு "மாமா, புள்ள எளைச்சிருக்கானா?"ன்னு கேக்குது. இல்லம்மா நல்லா இருக்கான்னு சொன்னேன். எளைச்சுத்தான் இருந்தான்.

கடல் தொழிலாளர் ஒப்பந்தம்னு ஒண்ணு 2006-ல போட்டாங்க, 2013-ல அமலுக்கு வந்துச்சு. 2015-ல இந்தியாவும் கையெழுத்துப் போட்டுச்சு. அதுல வேலை நேரத்துக்கு ஒரு உச்ச வரம்பு வச்சிருக்காங்க: ஒரு நாளைக்கு 14 மணி நேரம், வாரத்துக்கு 72 மணி நேரம். கவனிங்க, இதுதான் பாதுகாப்பு! ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு கப்பல்ல கெடையாது. ஏழெட்டு மாசம் ஒரே மூச்சு. நீங்க 'எடுத்துருங்க'ன்னு சொல்ற டிப்ஸ், ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினாறுல இருந்து இருபது டாலர், ரூம் துடைக்கறவனுக்கும் தட்டு எடுக்கறவனுக்கும் பங்கு போறது.

உடனே ஒருத்தர் வருவார்: "சம்பளம் குடுக்க வேண்டியது கம்பெனி, நான் ஏன் குடுக்கணும்?" நியாயமான கேள்வி. நூத்துக்கு நூறு ஒத்துக்கறேன். ஆனா நீங்க அந்தக் கவுண்டர்ல போய் நின்னா கம்பெனிக்கு ஒரு பைசா கொறையாது. கொறையறது அந்தப் பையனுக்கு. கம்பெனி மேல கோவம்னா டிக்கெட் வாங்காம இருங்க, கம்பெனிக்கு எழுதுங்க, பதிவு போடுங்க. அதெல்லாம் கஷ்டம். பையன் வயித்துல அடிக்கறது சுலபம், அதுக்குப் பேரு 'காசு மிச்சம் பண்ண டிப்ஸ்'!

இவன் கப்பல் ஏறின கதை இன்னொண்ணு. ஒரு ஏஜென்ட் ரெண்டரை லட்சம் வாங்கினான். தம்பி நிலத்தை அடமானம் வச்சுக் குடுத்தான். முதல் கான்ட்ராக்ட் முழுக்க அந்தக் கடனுக்கே போச்சு. அப்புறம்தான் தெரியுது, அதே ஒப்பந்தத்துல வேலை வாங்கிக் குடுக்கறதுக்கு மாலுமிகிட்ட காசு வாங்கக் கூடாதுன்னு இருக்கு. பாஸ்போர்ட், மெடிக்கல் மாதிரி செலவு மட்டும்தான் நம்மது. இந்தியாவுல கப்பலுக்கு ஆள் எடுக்கற கம்பெனி, கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்துகிட்ட ஆர்பிஎஸ்எல் லைசென்ஸ் வாங்கியிருக்கணும். லைசென்ஸ் இருக்கான்னு அவங்க இணையதளத்துலயே பாக்கலாம். நெட்டப்பாக்கம், பாகூர், வில்லியனூர் பக்கம் கப்பல் வேலைக்குப் பையனை அனுப்ப நெனைக்கறவங்க யாராவது இருந்தா, இந்த ஒரு பத்தியை மட்டும் படிச்சுக் காட்டுங்க. மத்ததை விட்டுருங்க.

சரி, ஏறின ஊரு, வேலை செய்யற ஆளு ஆச்சு. இறங்கற ஊரு? அதையும் யாரும் ஒப்பிடறதில்லை.

ஜூனோ ஜனத்தொகை முப்பத்திரண்டாயிரம் சொச்சம். 2023-ல கப்பல்ல வந்தவங்க 16 லட்சத்துக்கும் மேல. ஊரு தாங்கல. அதனால 2024-ல இருந்து ஒரு நாளைக்கு அஞ்சு பெரிய கப்பலுக்கு மேல கூடாதுன்னு கம்பெனிகளோட பேசி வரம்பு வச்சாங்க. அதே வருஷம், சனிக்கிழமை கப்பலே வேணாம்னு ஓட்டெடுப்பும் நடந்துச்சு. தோத்துப் போச்சு. தோத்தாலும் ஊர்க்காரன்கிட்டக் கேட்டாங்க பாருங்க, அதுதான் விஷயம். 2006-ல அலாஸ்கா மக்கள் ஓட்டுப் போட்டு, வர்ற ஒவ்வொரு பயணிக்கும் வரின்னு கொண்டு வந்தாங்க. கம்பெனிகள் சண்டை போட்டு, 2010-ல அது 34.50 டாலரா கொறைஞ்சுது. கொறைஞ்சாலும் இருக்கு.

ஹூனான்னு ஒரு குட்டி ஊரு, ஆயிரம் பேர்கூட இல்லை. டிலிங்கிட் பழங்குடி மக்கள். பழைய சால்மன் மீன் ஃபேக்டரியைத் துறைமுகமா மாத்தி 2004-ல அவங்களே கப்பலை வரவச்சாங்க. இடம் அவங்க மக்கள் பங்குதாரரா இருக்கற கம்பெனிக்குச் சொந்தம். கப்பல் அவன்து, கரை நம்மதுன்னு ஒரு நிமிர்வு.

கடல் கணக்கும் ஒண்ணு இருக்கு. எண்ணெய்க் கழிவைத் திருட்டுக் குழாய் வச்சுக் கடல்ல விட்ட வழக்குல 2016-ல பிரின்சஸ் குற்றத்தை ஒத்துக்கிட்டு நாலு கோடி டாலர் அபராதம் கட்டுச்சு. இதெல்லாம் எந்த ஒப்பீட்டுப் பட்டியல்ல வருது சொல்லுங்க?

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். 2022 ஜூன்ல சென்னையில இருந்து கார்டீலியா கப்பல் பாண்டிக்கு வந்தப்ப என்ன ஆச்சு? சூதாட்டம், கலாச்சாரச் சீரழிவுன்னு எதிர்ப்பு. அனுமதி இல்லை, திரும்பிப் போச்சு. 2025 ஜூலையில வந்துச்சு. ஆழம் இல்லாததால நடுக்கடல்ல நின்னு, சின்னப் படகுல ஆளுங்களைக் கரைக்குக் கொண்டு வந்தாங்க. மறுபடி எதிர்ப்பு, மறுபடி வரவேற்பு. பீச் ரோட்டுல நின்னு நானும் வேடிக்கை பாத்தேன். 1990-ல பிரான்ஸ்ல கட்டின கப்பலாம். பாண்டிக்கும் பிரான்ஸுக்கும் உறவு விடாது போல!

கலாச்சாரம் பேசினவங்களைக் கேக்கறேன். சாராயக்கடையை ஏலம் விட்டு சர்க்கார் நடத்தற ஊருங்க இது. என் வீட்டுல இருந்து கள்ளுக்கடைக்கு நடந்தே போகலாம். கப்பல்ல இருக்கற சீட்டாட்டம் வந்துதான் ஏம்பலம் கெட்டுப் போகப் போவுதா?

வளர்ச்சி பேசினவங்களையும் கேக்கறேன். ஒரு பயணிக்கு எவ்வளவு நம்ம துறைமுகத்துக்கு? அதை யார் நிர்ணயம் பண்ணாங்க? தேங்காய்த்திட்டு முகத்துவாரத்துல மணல் அடைச்சு மீனவர் படகு தட்டுது, வருஷா வருஷம் போராட்டம். கப்பல் காசுல ஒரு பங்கு அந்த மணலை அள்றதுக்குப் போகுமா? கழிவுக் கணக்கை யார் பாப்பாங்க? நம்ம பசங்களுக்கு ஏஜென்ட் இல்லாம வேலை உண்டா? இந்த நாலு கேள்வியில ஒண்ணையாவது ரெண்டு பக்கத்துல யாராவது கேட்டதா என் காதுல விழல. 'வராதே', 'வா' ரெண்டே வார்த்தையில முடிச்சுட்டோம்.

"நம்மூருக்கு வர்றதே எப்பவோ ஒரு கப்பல், அதுக்குப் போய் வரி கிரின்னு பேசினா அதுவும் வராது"ம்பீங்க. ஹூனாவும் சின்ன ஊருதான். முதல் கப்பல் வர்றதுக்கு முன்னாடிதான் கண்டிஷன் போட முடியும். அம்பதாவது கப்பல் வந்தப்புறம் கெஞ்சத்தான் முடியும்.

கப்பலுக்கு நாம புதுசு இல்லை. பாண்டியில கூலிகளா ஏத்தின நம்ம ஜனம் 1853 மே மாசம் ஒரேலின்னு ஒரு கப்பல்ல மார்த்தினிக் தீவுல போய் இறங்குச்சு. கரும்புத் தோட்டத்துக்கு. அந்தக் கப்பல்ல சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கல. மேல் தட்டுல இருந்து எழுதினாக் கீழ் தட்டு தெரியாது. அன்னிக்கும் அப்படித்தான், இன்னிக்கும் அப்படித்தான்.

அதனால பதிவர் மக்களே, அடுத்த வாட்டி கப்பல் பதிவு எழுதும்போது தயிர்சாதம் எழுதுங்க, பால்கனி எழுதுங்க, வேணாம்னு சொல்லல. கூடவே உங்க ரூமைத் துடைச்சவர் எந்த ஊரு, எத்தனை மாசமா வீட்டுக்குப் போகலன்னு ஒரு வரி எழுதுங்க. இறங்கின ஊருக்கு உங்க டிக்கெட்ல எவ்வளவு போச்சுன்னு ஒரு வரி. அந்த டிப்ஸ் வரியை மட்டும் தூக்கிருங்க. ஏற்கனவே எழுதினவங்க இன்னிக்கே திருத்திருங்க.

தம்பி பையன் மூணாவது கான்ட்ராக்ட் முடிச்சுட்டு வந்திருக்கான். நிலத்தை மீட்டாச்சு. திரும்பிப் போறியாடான்னு கேட்டேன். "போவேன் பெரியப்பா. ஆனா ஒரு நாளாவது அந்தப் பனியாத்தைப் பாத்துட்டுத்தான் வருவேன்"ன்னான்.

டிஸ்கி: திட்டறவங்க திட்டலாம். டிப்ஸ் எடுத்தவங்க அனானியா வந்தாலும் பரவாயில்லை.