உளவியல் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு



கடந்த மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, வாலிபர்கள் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த வேளையில், தாராவியிலிருந்து வரும் ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

"பாஸ்டர் ஐயா, இவள் சைக்காலஜி படிக்க ஆசைப்படுகிறாள். வேலையை விடாமல் ஆன்லைனிலேயே பி.ஏ. முடித்து, பிறகு எம்.ஏ. படித்தால் கவுன்சிலர் ஆகிவிடலாமாம். நாளைக்குள் பணம் கட்டினால்தான் இடம் என்று ஃபோனில் சொன்னார்கள். சீட்டு எடுத்த பணம் கையில் இருக்கிறது. ஜெபித்துவிட்டுக் கட்டிவிடலாமா?" என்று கேட்டார்.

"ஜெபிப்போம் அம்மா. ஆனால் நாளைக்குக் கட்டாதீர்கள்" என்றேன். அதற்கான காரணத்தை, இதே எண்ணத்தோடு இருக்கும் மற்றக் குடும்பங்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

அந்த மகளின் விருப்பம் உயர்ந்தது. வேலை பார்த்த பட்டறை மூடப்பட்டபின் அவளுடைய தகப்பனார் இரண்டு ஆண்டுகள் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தார். அந்நாட்களில் நானும் அவர் வீட்டுக்குப் போய் ஜெபித்து, தைரியம் சொல்லித் திரும்பினேனேயன்றி, மருத்துவரிடம் அழைத்துப் போகும்படி சொல்ல வெகுகாலம் தாமதித்தேன். வேதாகமக் கல்லூரியில் ஆலோசனை ஊழியம் எனக்கு ஒரு பாடமாக இருந்தது. ஆனால் ஒரு பாடம் படித்தவன் எல்லாம் அறிந்தவனல்லன். ஆகவே இத்துறையில் முறையாகப் பயின்ற தமிழ்ப் பிள்ளைகள் நம் நடுவில் எழும்பவேண்டும் என்பதே என் வாஞ்சை. முறையாக என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன்.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலானவை பல ஆண்டுகளாக உளவியலைத் தொலைநிலைக் கல்வியாகக் கற்பித்து வந்தன. வேலைக்குப் போகிற அநேகர் அதனால் பயனடைந்தார்கள். ஆனால் 2025 ஆகஸ்டில் பல்கலைக்கழக மானியக் குழுவாகிய யு.ஜி.சி. ஓர் உத்தரவை வெளியிட்டது. 2021-ஆம் ஆண்டின் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்திற்குள் வரும் படிப்புகளில் 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ புதிய மாணவர்களைச் சேர்க்கலாகாது என்பதே அது. உளவியல் அந்தப் படிப்புகளில் ஒன்று. பல பாடப்பிரிவுகள் கொண்ட பி.ஏ. படிப்பில் உளவியல் பிரிவு மாத்திரம் நீக்கப்படும். வரலாறு, பொருளாதாரம் போன்றவை தொடரலாம்.

அப்படியானால் ஃபோனில் பேசியவர் எந்த இடத்தை விற்றார்? பல்கலைக்கழகத்தின் பெயரைக்கூட அவர் சொல்லவில்லை என்று அந்தத் தாயார் பிறகு நினைவுகூர்ந்தார்.

இந்தத் தடை அநியாயமென்று சிலர் வருந்துகிறார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இது பாரமே, மறுக்கவில்லை. ஆயினும் உளவியல் புத்தகத்தோடு முடிகிற கல்வியன்று. சோதனைகளை எப்படி நடத்துவது, உடைந்துபோன ஒருவர் பேசும்போது எங்கே மௌனமாயிருப்பது, எப்போது மருத்துவரிடம் அனுப்புவது என்பவற்றை ஓர் ஆசிரியரின் கண்முன்னே செய்துதான் கற்கமுடியும்.

கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்ற உவமையை நாம் அறிவோம். இங்கே கணக்கை உச்சியிலிருந்து தொடங்குங்கள். மகன் அல்லது மகள் இறுதியில் என்ன வேலை செய்ய விரும்புகிறார்? மனநல மருத்துவர் ஆவதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் சிறப்புப் படிப்பும் வேண்டும். மருத்துவ உளவியலர் ஆவதற்கு, 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலாகிய ஆர்.சி.ஐ. அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். எம்.ஏ.வுக்குப் பின் எம்.பில். என்ற வழியில் வருகிறவர்களுக்கு, மேற்பார்வையோடு கூடிய பயிற்சி அடங்கிய இரண்டாண்டு முழுநேரப் படிப்பு தேவையென்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. இப்படிப்புகளின் அமைப்பு மாறிவருவதால், சேருகிற ஆண்டில் ஆர்.சி.ஐ. வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். எம்.ஏ. மாத்திரம் படித்து மருத்துவ உளவியலர் என்று பலகை மாட்டமுடியாது.

இனி மூன்று வகையினருக்குச் சில ஆலோசனைகள்.

தடைக்கு முன்பே, அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள் கலங்கவேண்டாம். உத்தரவு புதிய சேர்க்கையைக் குறித்தது. யு.ஜி.சி.யின் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, அங்கீகரிக்கப்பட்ட தொலைநிலைப் பட்டமும் ஆன்லைன் பட்டமும் நேர்முகப் பட்டத்திற்கு நிகரானவை. படிப்பை முடியுங்கள். சேர்க்கைக் கடிதத்தையும் கட்டண ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். மேற்படிப்பைக் கல்லூரிக்குச் சென்றே படியுங்கள்.

வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் மறுபடியும் பி.ஏ. தொடங்குமுன் விசாரியுங்கள். சில பல்கலைக்கழகங்கள் எந்தப் பட்டதாரியையும் எம்.ஏ. உளவியலில் சேர்க்கின்றன, சில, உளவியல் பட்டத்தையே கேட்கின்றன. நீங்கள் சேர விரும்பும் இடத்தின் விதியை எழுத்தில் பார்த்தபின் முடிவெடுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் நேர்முகக் கல்லூரியை நாடுங்கள். மும்பையில் சில கல்லூரிகளில் கலைப்பிரிவு வகுப்புகள் காலையிலேயே தொடங்கிவிடுகின்றன. பிற்பகல் வேலை பார்ப்பவர்களுக்கு அது ஒரு திறந்த வாசல். அது இயலாவிட்டால், வேறு பாடத்தில் ஆன்லைன் பி.ஏ. படித்து, எந்தப் பட்டதாரியையும் ஏற்கும் இடத்தில் நேர்முக எம்.ஏ. சேருவது சுற்றுவழியானாலும் நேர்மையான வழி.

எந்தப் பாடமானாலும், ஆன்லைன் படிப்புக்குப் பணம் கட்டுமுன் யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடும் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகமும், அதே படிப்பும், அதே ஆண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 செப்டம்பர் முதல் இப்படிச் சேருகிற மாணவர் தம் பெயரில் 'டெப் ஐடி' என்னும் எண்ணை உண்டாக்கவேண்டும். அது வேண்டாம் என்று சொல்லுகிறவரை நம்பாதீர்கள். இடைநிலையங்களுக்கு உரிமம் கொடுத்துப் படிப்பை நடத்தவும் விதிகளில் இடமில்லை. பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே நேராகப் போகட்டும். நாளைக்குள் என்று அவசரப்படுத்துகிறவர் உங்கள் பிள்ளையின் எதிர்காலத்தை அல்ல, தம் கமிஷனையே எண்ணுகிறார்.

அந்தத் தாயார் பணத்தைக் கட்டவில்லை; சீட்டுப் பணம் மகள் பெயரில் வங்கியில் இருக்கிறது. மகள் பிற்பகல் ஷிஃப்டுக்கு மாற்றும்படி அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. சென்ற ஞாயிறு அவள் தகப்பனார் என்னிடம் வந்து, "அவள் படிக்கட்டும் ஐயா, வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். சுவரைப் பார்த்து அமர்ந்திருந்த அதே மனிதர்தான்.

அடுத்த மாதம் சந்திப்போம்.