நூத்துக்கு மூணுன்னு சொல்றாங்களே, அது யாரோட கணக்கு?

மிளகு வாங்க மலைக்கு வருகிற டவுன் நண்பர்கள் முன்னெல்லாம் நீட் பரீட்சை பற்றித்தான் பேசுவார்கள். இப்ப ரெண்டு மூணு வருஷமா அமெரிக்கா பேச்சு. "பொண்ணு பிளஸ் ஒன் போறாங்க. ஹார்வர்டு மாதிரி இடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம்னு இருக்கோம். ஆனா நூத்துக்கு மூணு பேருக்குத்தான் கிடைக்குமாம்" என்கிறார்கள். விண்ணப்பம் தயார் பண்ணித்தர ஒரு ஆலோசகருக்கு மட்டும் நாலு லட்சம் கட்டியதாக ஒருத்தர் சொன்னார்.

பிளஸ் டூவோட படிப்பை விட்டவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேட்கலாம். எங்க ஊர்லயும் பிளஸ் ஒன் படிக்கிற புள்ளைங்க இருக்காங்க. அதான் வேலை. அண்ணன் மகன் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தவனை உட்கார வச்சு, இந்த விஷயத்தை இங்கிலீஷ்ல படிச்சு எனக்குத் தமிழ்ல சொல்லுடான்னேன். ரெண்டு ராத்திரி அதே பேச்சுதான்.

முதல்ல அந்த மூணு. 2024ல் ஹார்வர்டுக்கு விண்ணப்பம் போட்டவர்கள் 54,008 பேர். இடம் கொடுத்தது 1,937 பேருக்கு. நூற்றுக்கு மூன்றரை. இதில் அமெரிக்கப் பிள்ளைகளும் சேர்த்தி. வெளிநாட்டுப் பிள்ளைகளை மட்டும் தனியா எடுத்தா இன்னும் கீழே போகுது. எம்ஐடியில் வெளிநாட்டுக்காரர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் இடம்.

அமெரிக்கர்களுக்குள்ளயும் எல்லாரும் ஒரே வரிசையில நிக்கல. ஹார்வர்டு மேல் நடந்த வழக்கில் ஒரு விவரம் வெளியே வந்தது. அப்பா அம்மா அங்கேயே படித்தவர்கள் என்றால், அந்தப் பிள்ளைகளில் நூற்றுக்கு 33 பேருக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே வருஷங்களில் மொத்தக் கணக்கு நூற்றுக்கு ஆறுதான். 2019ல் வெளியான லஞ்ச வழக்கு இன்னொரு கதை. பணக்காரப் பெற்றோர்கள் தரகருக்குக் காசு கொடுத்து, விளையாட்டே தெரியாத பிள்ளையை விளையாட்டு வீரன் என்று காட்டிப் பெரிய பல்கலைக்கழகங்களில் சேர்த்திருந்தார்கள்.

ஆக, நூற்றுக்கு மூணு என்பது ராசிபுரத்து மழையையும் எங்க மலை மழையையும் கூட்டி ரெண்டால வகுத்த மாதிரி ஒரு கணக்கு. அதை நம்பி ஒருத்தரும் விதைக்க முடியாது. உங்க புள்ள எந்த வரிசையில நிக்குதுன்னு தெரிஞ்சாத்தான் அது கணக்கு.

அடுத்தது காசு. ஹார்வர்டில் ஒரு வருஷச் செலவு 80,000 டாலருக்கு மேல், நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 70 லட்சம். நாலு வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்க. ஆனா இங்கதான் நான் அசந்து போன ஒரு சேதி இருக்கு. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட், டார்ட்மவுத், பவ்டின், பிரவுன், இன்னும் ஒன்றிரண்டு இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளையை எடுக்கும்போது வீட்டு வசதியைப் பார்ப்பதில்லை. இடம் கிடைத்தால், அந்தக் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைக் கல்லூரியே ஏற்றுக்கொள்கிறது. ஹார்வர்டு 2025-26 முதல், வருஷ வருமானம் 1 லட்சம் டாலருக்கு உள்ளே இருக்கிற, சாதாரண சொத்து உள்ள குடும்பத்திடம் ஒன்றும் வாங்குவதில்லை என்று அறிவித்தது. எங்க நாட்டுல யாருக்குங்க 1 லட்சம் டாலர் வருமானம்?

ஸ்டான்போர்டு மாதிரி மற்ற பல இடங்களில் அப்படி இல்லை. வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால், அதையும் கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஆக, நுழைவதற்கு ரொம்பக் கஷ்டமான சில இடங்கள்தான், நுழைந்துவிட்டால் ஏழைக்கு ரொம்ப மலிவு. இந்தப் பட்டியலைப் பார்க்காம ஊரெல்லாம் விண்ணப்பம் போட்டா, இடம் வந்தும் போக முடியாத நிலைமை வரும்.

சரி, அப்ப எங்க மலைப் புள்ளைங்க போட வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. ஒன்பதாவதிலிருந்து நாலு வருஷ மதிப்பெண் கேட்கிறார்கள். எங்க பிள்ளைக்கு மார்க்கு என்றால் பத்தாவதும் பிளஸ் டூவும்தான். ஒன்பதாவது மார்க்கு அமெரிக்கா வரைக்கும் போகும்னு யாரு சொல்றது? எஸ்ஏடி என்று ஒரு பரீட்சை. நடுவில் பல இடங்கள் அதைத் தள்ளி வைத்திருந்தன. எம்ஐடி 2022லும் ஹார்வர்டு 2024லும் மறுபடி வேண்டும் என்று சொல்லிவிட்டன. அதற்குக் கட்டணமே ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய். எனக்கு அது பதினஞ்சு கிலோ மிளகு. பிறகு 650 வார்த்தைக்குள் இங்கிலீஷ் கட்டுரை. ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம். எங்க மாவட்டம் முட்டைக்கும் மார்க்குக்கும் பேர் போனது. ஆனா மார்க்கை மட்டும் வச்சு அங்க வாசப்படி கூடத் தாண்ட முடியாது.

அந்த விண்ணப்பத்துலயே இன்னொரு சங்கதி. பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய் என்று பத்து வரி எழுத இடம் விட்டிருக்கிறார்கள். பியானோ, செஸ், டென்னிஸ் என்று டவுன் பெற்றோர்கள் அதற்காகத்தான் செலவு பண்ணுகிறார்கள். அந்தப் பத்து வரியில் குடும்பப் பொறுப்பு, கூலி வேலை என்றும் தனியாக எழுதலாம். சில்வர் ஓக் மரத்துல ஏறி மிளகு பறிக்கிற பையன், அம்மா கேரளாவுக்கு வேலைக்குப் போனபிறகு தம்பி தங்கச்சிக்குச் சோறு பொங்கிப்போட்டுப் பள்ளிக்கூடம் போற பொண்ணு, இவங்களுக்கெல்லாம் அந்த வரி இருக்கு. அப்படி ஒரு வரி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. டவுனில் அதே வரியை நிரப்ப லட்சக்கணக்கில் கட்டுகிறார்கள்.

முடியாத காரியமும் இல்லைங்க. ஈரோடு பக்கம் காசிபாளையத்து விவசாயி மகள் ஒருவர் 2021 கடைசியில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முழு உதவித்தொகையோடு இடம் வாங்கினார். பேப்பரில் எல்லாம் வந்தது. பதினாலு வயதிலேயே ஒரு அமைப்பு அவரைக் கண்டுபிடித்துப் பழக்கியிருக்கிறது. உள்ளூரிலும் பாருங்க. 2024ல் பச்சைமலைப் பழங்குடிப் பெண் திருச்சி என்ஐடிக்குப் போனார். 2025ல் கல்வராயன் மலை கருமந்துறை அரசுப் பழங்குடியினர் உறைவிடப் பள்ளி மாணவி சென்னை ஐஐடிக்குப் போனார். அரசு மாதிரிப் பள்ளிப் பிள்ளைகள் முழு உதவித்தொகையோடு தைவான் வரைக்கும் போயிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சங்கதி ஒன்றுதான். இப்படி ஒரு பரீட்சை இருக்கு, எழுதுன்னு ஒருத்தர் நேரத்தோட சொல்லியிருக்காங்க.

அரசாங்க உதவி இல்லையான்னா, இருக்கு. பழங்குடியினருக்கு மத்திய அரசு கொடுக்கிற வெளிநாட்டு உதவித்தொகை நாடு முழுக்க வருஷத்துக்கு 20 பேருக்கு. அதுவும் முதுகலை, ஆராய்ச்சிப் படிப்புக்குத்தான். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. இளங்கலைக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் என்ன?

"அமெரிக்காவே இப்ப சரியில்லையே, எதுக்கு அனுப்பணும்?" என்றும் கேட்பீர்கள். நியாயம்தான். 2025 மே மாசக் கடைசியில் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதுத் தேதி கொடுப்பதையே கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தார்கள். பிறகு சமூக வலைதளக் கணக்கையெல்லாம் திறந்து காட்டு என்றார்கள். எல்லாரும் போகணும்னு நான் சொல்லல. திருச்சியும் சென்னையும் எங்களுக்குச் சின்ன தூரம் இல்ல. வேண்டாம்னு முடிவு பண்ணினாலும், அந்த முடிவை விவரம் தெரிஞ்சு அந்தப் புள்ளை பண்ணணும்.

உங்க பொண்ணுக்கு இடம் கிடைக்கலேன்னா ஒரு கடிதம் வரும். ரெண்டு நாள் அழுவாங்க, அப்புறம் வேற காலேஜ் சேர்ந்திடுவாங்க. எங்க புள்ளைங்களுக்கு அந்தக் கடிதமே வராது. கேட்காத இடத்துல யாரு இல்லேன்னு சொல்லப் போறா?

டவுன் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பிள்ளைக்காக இந்த விவரமெல்லாம் தேடிப் படிச்சு வச்சிருப்பீங்க. அடுத்த தடவை கொல்லிமலை வரும்போது ஆகாயகங்கை பார்க்கிற அவசரத்துல ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. எங்க பள்ளிக்கூடத்துல தலைமை ஆசிரியர்கிட்ட நான் அனுமதி கேட்டு வைக்கிறேன். பிளஸ் டூ புள்ளைங்ககிட்ட வேண்டாம், அவங்களுக்கு நேரம் தாண்டிப் போச்சு. ஒன்பதாவது வகுப்புக்குப் போய், தமிழ்லயே சொல்லுங்க.