நாடா கூறிய உண்மை

ஓடுகின்ற வண்டியொன்று நிற்கின்ற வண்டியொன்றில் மோதி ஒட்டிக்கொண்டால் என்ன நிகழும்? "இரண்டும் சேர்ந்து மெல்ல நகரும்" எனச் சிறுவனும் விடை கூறுவான். எவ்வளவு மெல்ல என்பதைக் கணித்துக் கூறுவதே பௌதிகவியல்.

பொருளொன்றின் திணிவை அதன் வேகத்தாற் பெருக்கி வருவதை உந்தம் என்பர். வெளிவிசை தாக்காதவிடத்து, மோதலுக்கு முன்னிருந்த மொத்த உந்தமும் பின்னுள்ள மொத்த உந்தமும் ஒன்றேயாம். திசையையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும். டேக்கார்ட் என்னும் பேரறிஞர் திசையை விட்டுக் கணக்கிட்டு வழுவினார். வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதி, 1669இல் வெளிவந்த கட்டுரைகள் அவ்வழுவை நீக்கின.

நான் மாணவனாயிருந்த காலத்தில் இதனை ஆய்வுகூடத்திற் செய்துபார்த்தோம். ஒரு கிலோகிராம் திணிவுடைய இரு வண்டிகள். ஒன்றின் முகப்பில் ஊசி, மற்றதில் தக்கை. ஓடும் வண்டியின் பின்னே காகித நாடா. செக்கனுக்கு 50 முறை அதிரும் கருவி அதிற் புள்ளியிடும். மோதலுக்கு முன் பத்து இடைவெளிகளின் நீளம் 12 சென்ரிமீற்றர். ஆகவே வேகம் செக்கனுக்கு 60 சென்ரிமீற்றர். மோதியபின் திணிவு இருமடங்காதலின் வேகம் 30 ஆதல் வேண்டும். எனக்கு வந்ததோ 27! கொப்பியில் 30 என எழுதி, நாடாவையும் அருகே ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

உபாத்தியாயர் அளவுகோலை நாடாமீது வைத்தார். "தம்பி, நாடா 27 என்கிறது, கொப்பி 30 என்கிறது. நான் எதை நம்புவது?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

அவர் சினக்கவில்லை. மோதலுக்கு முன்னுள்ள புள்ளிகளை உற்றுநோக்கச் சொன்னார். அங்கேயே இடைவெளிகள் சிறிது சிறிதாகக் குறுகிக்கொண்டு வந்தன. உராய்வென்னும் வெளிவிசை வண்டியைத் தடுத்தமைக்கு அதுவே சாட்சி. தட்டிவிட்ட வண்டி மாறா வேகத்தில் ஓடும் வரைக்கும் பலகையின் ஒரு தலையைச் சற்றே உயர்த்தினோம். மீண்டும் மோதவிட்டபோது, வேகம் ஏறக்குறையப் பாதியாகவே வந்தது. நான் மறைத்த அந்த மூன்றே உராய்வைக் காட்டவந்த வழிகாட்டி என்பதை அன்று உணர்ந்தேன்.

இத்தகைய மோதலில் இயக்கசக்தியிற் பாதி வெப்பமாகவும் ஒலியாகவும் மாறிவிடும், உந்தமோ குன்றாது. 1932இல் சட்விக் என்பார், பெரிலியத்திலிருந்து வெளிப்பட்ட புதுக்கதிர் ஐதரசன், நைதரசன் கருக்களை மோதித் தள்ளியதை ஆராய்ந்தார். அதனைக் காமாக் கதிரெனக் கொண்டாற் கணக்கு ஒவ்வவில்லை. அவ்வொவ்வாமையை அவர் மூடிமறைத்தாரில்லை. புரோத்தனை ஒத்த திணிவும் மின்னேற்றமின்மையும் உடைய துணிக்கையே அதுவெனக் கண்டார். நியூத்திரன் உலகுக்குத் தெரியவந்தது அவ்வாறே.

மாணவர்காள்! வந்த எண்ணை வந்தவாறே குறியுங்கள். பின்னர் அது ஏன் வந்ததென வினவுங்கள். பெற்றோரும் "எத்தனை புள்ளி?" என்று கேட்பதோடு அமையாது, "கணக்கு எங்கே பிசகியது?" என்றும் ஒருமுறை கேட்பாராக.